போகிற கப்பலா, நிற்கிற கப்பலா?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரம் பேப்பர் பார்க்க வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆனால் பேச்சுச் சூடாகிவிட்டால் வீதியால் போகிறவர்களும் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். போன மாதம் அப்படி ஒரு நாள். பாக்குநீரிணையில் எது வந்தால் யாழ்ப்பாணத்துக்கு நல்லது என்பதுதான் பேச்சு. சேதுக் கால்வாயைத் தோண்டட்டும் என்றார் ஒருவர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் பாலம் போட்டால் எல்லாம் சரிவரும் என்றார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம், காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்கு ஓடுகிற கப்பலை ஒழுங்காக ஓட்டினாலே போதும் என்றது மூன்றாவது பக்கம். கடைசியில் ஒரு மகஜர் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது.

மகஜரில் இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். அதற்குள் அடங்காத யோசனைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு இளைப்பாறிய புவியியல் மாஸ்டர் ஒருவர் செய்த காரியத்தில் இருந்து தொடங்கலாம். சுவரில் தொங்கிய உலகப் படத்தைக் கழற்றி மேசையில் விரித்தார். சாக்குத் தைக்கிற நூலில் கொஞ்சம் வெட்டி, ஒரு நுனியை லண்டனில் வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். நூலை ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இழுத்து மும்பையில் கொண்டுவந்து விரலால் அழுத்தினார். பிறகு அதே நூலை மத்தியதரைக் கடலுக்குள்ளால் விட்டு, சூயஸைக் கடந்து, செங்கடலால் இறக்கினார். மும்பையைத் தாண்டி ஒரு சாண் நூல் மிச்சம் கிடந்தது. அடுத்தது நியூயோர்க்கில் இருந்து சான் பிரான்சிஸ்கோ. தென்னமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றிய நூலை எடுத்துப் பனாமாவால் போட்டபோது ஒன்றரைச் சாண் மிஞ்சியது. பிறகு தூத்துக்குடியில் நூலை வைத்தார். இலங்கையைச் சுற்றிச் சென்னைக்கு ஒருமுறை, இராமர் அணையை வெட்டினால் வரக்கூடிய வழியால் ஒருமுறை. மிஞ்சிய நூல் ஒரு விரலகலம்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கால்வாய்க் கட்சிக்காரர்தான், "விரலகலமும் காசுதானே மாஸ்டர்" என்றார். அது சரிதான். ஆனால் யாருடைய காசு என்று கேட்டாக வேண்டும்.

சூயஸும் பனாமாவும் கடலோட்டத்தையே மாற்றியவை. சூயஸ் 1869 நவம்பர் 17இல் திறந்தது. இன்றைக்கு 193 கிலோமீற்றர் நீளம். இரண்டு பக்கக் கடலும் ஏறத்தாழ ஒரே மட்டம், நடுவில் மணல். ஆகவே கப்பலை ஏற்றி இறக்குகிற நீர்ப்பூட்டு எதுவும் இல்லாமல் கப்பல் நேரே ஓடிவிடும். லண்டனில் இருந்து மும்பைக்கான கடல்வழியில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. பனாமாவின் கதை வேறு. சூயஸை வெட்டிய அதே பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் 1881இல் பனாமாவிலும் இறங்கினார். அங்கே நடுவில் மலை, காடு, மழை, நுளம்பு. மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் சுமார் 22,000 பேர் மாண்ட பிறகு 1889இல் வேலை நின்றது. பிறகு அமெரிக்கர்கள் 1904இல் தொடங்கினார்கள். முதலில் நுளம்பை ஒழித்து, ஆற்றை மறித்து மலைக்கு நடுவில் ஓர் ஏரியை உண்டாக்கி, கப்பலைப் படிப்படியாக 26 மீற்றர் உயரத்துக்குத் தூக்கி மறுபக்கம் இறக்குகிற ஏற்பாட்டைச் செய்து, 1914 ஓகஸ்ட் 15இல் திறந்தார்கள். ஒரு கப்பல் கடந்து போக ஏறத்தாழ 20 கோடி லீற்றர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023இல் மழை பொய்த்தபோது நாளுக்கு 36 அளவில் போய்க்கொண்டிருந்த கப்பல்களை 24 அளவுக்குக் குறைக்க வேண்டி வந்தது. கிணற்றுத் தண்ணீரை எண்ணி இறைக்கிற எங்களுக்கு அதன் அர்த்தம் நன்றாக விளங்கும்.

பனாமாப் பூசந்தி, அதாவது இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கிற ஒடுங்கிய நிலம், சுமார் 30 லட்சம் வருடங்களுக்கு முன் கடலுக்கு மேலே எழுந்தபோது இரண்டு அமெரிக்காக்களின் விலங்குகளும் ஒன்றிடம் ஒன்று நடந்து போயின. அதே நேரம், ஒரே கடலில் கூடி வாழ்ந்த மீன்களும் நண்டுகளும் இரண்டு சமுத்திரங்களாகப் பிரிந்தன. நிலத்துக்குப் பாலமாக இருப்பது கடலுக்குச் சுவர். அந்தச் சுவரை மனிதன் வெட்டினால் அதற்கும் விலை உண்டு. சூயஸ் வழியாகச் செங்கடலின் உயிரினங்கள் நூற்றுக்கணக்கில் மத்தியதரைக் கடலுக்குள் ஏறிவிட்டன. நஞ்சுப் பேத்தை மீனும் அவற்றில் ஒன்று. அந்தப் பேத்தை வலையைக் கடித்துக் கிழிக்கிறது என்று துருக்கி, கிரேக்க, சைப்பிரஸ் மீனவர்கள் படுகிற பாட்டை எங்கள் கரையில் வலை போடுகிறவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

சூயஸ் இலங்கைக்கு என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்கு முன் இந்தத் தீவின் பெரிய கப்பல் துறையாக இருந்தது தெற்கே இருக்கிற காலி நகரம். கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவில் இருந்து கிழக்கே போகிற கப்பல்கள் பெருகின. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நட்டார்கள். அணை எழுந்ததும் கப்பல்கள் அங்கே நின்று நிலக்கரி ஏற்றின, சாமான் மாற்றின. காலி படுத்துவிட்டது. அதே கால்வாய், அதே கப்பல்கள், ஒரே கரையில் இரண்டு ஊர்கள். கப்பல் எங்கே நின்றதோ அந்த ஊர் எழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மாத்தறைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனபோது இரவில் தெவுந்தர முனைக்குப் போய்ப் பார்த்தேன். தெற்கே கடலில் வெளிச்சங்கள், ஒன்றின் பின் ஒன்றாக, கோயில் தீபம் வரிசையாக நகர்வதுபோல. சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஓடுகிற கப்பல்கள். பார்க்க எவ்வளவோ வடிவு. ஆனால் அந்தக் கரையில் மீன்பிடிக்கிற ஒருவரைக் கேட்டேன், இந்தக் கப்பல்களால் உங்களுக்கு ஏதும் உண்டா என்று. இரவில் வள்ளத்தில் மோதிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்டு என்றார்.

இதைச் சனசமூக நிலையத்தில் சொன்னபோது, இளவயதில் கப்பலில் வேலை செய்த வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர், அதுவரை வாய் திறக்காதவர், சொன்னார்: "கப்பல் போனாப் போதுமே தம்பி? நிண்டால்தானே எங்களுக்கு ஏதும்."

அவருடைய ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அந்த ஊர்க் கடலோடிகளே அதைச் சூயஸ் வழியாகக் கொண்டுபோய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையில் சேர்த்தார்கள். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனதும், மலையாளக் கரை ஓடும் பர்மா அரிசியும் இங்கே இறங்கியதும் கப்பல்கள் எங்கள் துறைகளில் நின்றதனால்தான்.

பெரியவரின் வார்த்தையை நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். மூன்று தெரிவுகளையும் அதாலேயே அளக்கிறேன்.

முதலில் கால்வாய். 1860இல் அல்பிரட் டண்டாஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் சொன்ன யோசனை இது. 2005 யூலை 2இல் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடக்கிவைத்தார். 167 கிலோமீற்றர் நீளம், அடியில் 300 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம், மதிப்பீடு 2,427 கோடி இந்திய ரூபாய். நீளத்தில் பாதிக்கு மேல் தோண்ட வேண்டிய பகுதி. இராமர் அணை விவகாரம் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2009இல் தோண்டும் வேலை நின்றது. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டசபை திட்டத்தை மீண்டும் தொடங்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே இது செத்த பேச்சு இல்லை.

சூயஸோடும் பனாமாவோடும் இதை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே வெட்டியது நிலத்தை. கரை இருந்தது, வெட்டின இடம் ஓரளவுக்கு வெட்டினபடி நின்றது. இங்கே வெட்டுவது கடலின் அடியில் இருக்கிற மணலையும் சேற்றையும். பாக்குக் குடாவில் பெரும்பாலான இடம் 13 மீற்றருக்கும் குறைவான ஆழம். வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் மணலை ஒரு பக்கம் கொண்டுபோகும், சோளகத்தில் மறுபக்கம் கொண்டுவரும். பருத்தித்துறைக் கடற்கரையில் ஒரு வாய்க்காலைக் காலால் கீறிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாலே தெரியும். வருடாவருடம் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவைக் கப்பல்களிடம் வாங்க வேண்டும்.

சரி, கப்பல்கள் கொடுக்குமா? 2021 மார்ச்சில் சூயஸில் குறுக்கே இறுகி ஆறு நாள் உலகத்தையே காக்க வைத்த எவர் கிவன் 400 மீற்றர் நீளம், 20,000 பெட்டி ஏற்றக்கூடியது. முழுச் சுமையோடு அதன் அடி 15 மீற்றருக்கும் கீழே போகும். சேதுக் கால்வாயின் ஆழமே 12. அதில் சுமார் 30,000 தொன் வரையான கப்பல்தான் போகலாம். இன்றைய கடலில் அது சின்னக் கப்பல். போகிற கப்பலும் வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு மெதுவாகத்தான் ஓட வேண்டும். தூத்துக்குடியில் இருந்து சென்னைக்குச் சாமான் ஏற்றுகிறவருக்கு இலாபம் இருக்கும், மறுக்கவில்லை. ஏடனில் இருந்து கொல்கத்தா போகிறவருக்கு இலங்கையைச் சுற்றுகிற அகலக் கடலே போதும்.

கிரேக்கத்தின் கொரிந்துக் கால்வாய் இதற்கு நல்ல உதாரணம். 6.4 கிலோமீற்றர், பாறையைச் செங்குத்தாக வெட்டி 1893இல் திறந்தார்கள். அடியில் 21 மீற்றர் அகலம். கப்பல்கள் வளர்ந்துவிட்டன, கால்வாய் வளரவில்லை. இப்போது பெரும்பாலும் உல்லாசப் படகுகள்தான் போகின்றன.

எங்கள் கேள்விக்கு வருவோம். சேதுக் கால்வாயின் முழு வழியும் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், இந்தியக் கடலில். கட்டணம் அங்கே போகும், அது நியாயம். தூத்துக்குடியில் ஏற்றிச் சென்னையில் இறக்குகிற கப்பல் நடுவில் காங்கேசன்துறைக்குத் திரும்ப ஒரு காரணமும் இல்லை. கரையில் நின்று வெளிச்சத்தைப் பார்க்கலாம், தெவுந்தரையில் பார்ப்பதைப்போல. ஆனால் கலங்குகிற தண்ணீர் எல்லைக்கோட்டில் நிற்காது. பாக்குக் குடாவின் கடற்புல்லும் சாதாழையும்தான் எங்கள் இறாலுக்கும் நண்டுக்கும் கடலட்டைக்கும் தொட்டில். தமிழ்நாடு 2022இல் பாக்குக் குடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக்களுக்கு ஒதுக்கியது அந்தப் புல்லை நம்பித்தான். ஏற்கெனவே இழுவைமடிகளால் அடிக்கடல் வழித்துத் துடைக்கப்படுகிறது என்று எங்கள் தொழிலாளிகள் எத்தனை வருடமாகக் கத்துகிறார்கள். அதற்கு மேல் தோண்டும் கப்பல்களையும் இறக்கச் சொல்லி நாங்களே கையெழுத்து வைப்பதா? என் பேனா வராது.

பாலத்துக்கு என் மனதில் இடம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

எங்கள் அம்மப்பா சொல்கிற கதைகளில் போட் மெயில் வராத கதை குறைவு. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால், 1914இல் திறந்த பாம்பன் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில். ஒரே டிக்கெட். அவர் ஒருமுறை மதுரையில் வாங்கின பித்தளைச் செம்பு இன்னும் எங்கள் சாமியறையில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியைத் துடைத்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு வந்த ரயிலும் போனது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடி, 1980களின் தொடக்கத்தோடு அதுவும் நின்றது.

தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீற்றர். இன்றைய பொறியியலுக்கு அது பெரிய தூரம் இல்லை. ஹொங்கொங்கையும் மக்காவையும் இணைக்கிற 55 கிலோமீற்றர்த் தொடுப்பு 2018இல் திறந்தது. பாம்பனில் புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. 2015இல் இருந்து தலைமன்னாருக்கும் ரயில் மறுபடி ஓடுகிறது. இரண்டு பக்கத் தண்டவாளமும் கடலைப் பார்த்தபடி காத்திருக்கின்றன. பாலம் வந்தால் ஒரு நோயாளியை மதுரைக்குக் கொண்டுபோக விசாவும் ஒரு வாகனமும் போதும். காற்றோ கப்பல் நேரமோ தடையில்லை.

தயக்கம் எனக்கு இரண்டு. ஒன்று, பாலத்தை எப்படிப் போடுவார்கள் என்பது. பாலம் என்று சொல்லி அணை போட்ட கதை எங்களிடமே உண்டு. யானையிறவில் வீதிக்கும் தண்டவாளத்துக்குமாக மண் நிரப்பியதில் ஏரிக்கும் மேற்கே கடலுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பண்ணை வீதியில் மாலை நேரம் நின்று பார்த்தால் ஒரு பக்கத் தண்ணீர் நடமாடும், மறுபக்கம் சோம்பிக் கிடக்கும். தூண்களில் போட்ட பாலம் தண்ணீரை விடும், மண்ணில் போட்ட பாதை மறிக்கும். செலவைக் குறைக்க மண் நிரப்பச் சொல்லி யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

மற்றத் தயக்கம் பெரிது. பாலத்தால் இறங்குகிற வாகனங்கள் எங்கே போகும்? தலைமன்னாரில் இருந்து மதவாச்சி, அங்கிருந்து கொழும்பும் திருகோணமலையும். வீதியும் தண்டவாளமும் அப்படித்தான் இருக்கின்றன. யாழ்ப்பாணம் அந்த வழியில் இல்லை, வடக்கே ஒதுங்கி இருக்கிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து மன்னார் எங்களுக்குக் கிட்ட வந்தது உண்மை. முந்திக் கேரதீவில் பாதைக்காகக் காத்துக்கிடந்தவர்களுக்கு அந்த அருமை தெரியும். (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: வாகனம் ஏற்றுகிற மிதவையை நாங்கள் பாதை என்போம்.) ஆனாலும் கொழும்புக்குச் சாமான் ஏற்றிவருகிற லொறி எங்களைப் பார்க்கப் பூநகரிப் பக்கம் திரும்பாது. மன்னாருக்கு நல்லது நடக்கும். அந்த ஊருக்கு அது கிடைத்தால் எனக்குச் சந்தோசம். யாழ்ப்பாணத்துக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்டால் பாலம் என்று சொல்லமாட்டேன்.

வெங்காயச் செய்கைக்காரரின் பயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் சின்ன வெங்காயம் கிண்டுகிற மாதத்தில் வெளிநாட்டு வெங்காயம் மலிவாக இறங்கினால் என்ன நடக்கும் என்று புன்னாலைக்கட்டுவனிலும் உரும்பிராயிலும் யாரையும் கேட்கலாம். வரியால் அதைத் தடுக்கலாம், பாலம் இல்லாமலும் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் லொறிகள் வரிசையாக வரத் தொடங்கினால் கை இன்னும் கட்டுப்படும்.

சாமானை ஒரு கடலில் இறக்கி, நிலத்தால் கொண்டுபோய், மறு கடலில் ஏற்றுகிற முறைக்குத் தாய்லாந்தின் கிறாப் பூசந்தி பழைய உதாரணம். ஒடுங்கிய இடத்தில் 44 கிலோமீற்றர். அங்கே கால்வாய் வெட்டுகிற பேச்சு 1677இல் இருந்து நடக்கிறது, இன்னும் ஒரு மண்வெட்டி விழவில்லை. இப்போது கால்வாய்க்குப் பதில் ரனோங்குக்கும் சும்பொனுக்கும் இடையில் வீதியும் ரயிலும் போட்டுப் பெட்டிகளைக் கடத்தலாம் என்கிறார்கள். 20,000 பெட்டிக் கப்பலுக்கு, ஒரு ரயிலில் நூறு பெட்டி என்றாலும் 200 ரயில் வேண்டும். மலாக்கா நீரிணையைச் சுற்றுவதே இலேசு என்று கப்பல்காரர் நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பூசந்தியின் பழங்கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் எங்கள் மொழி இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றியும் அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டது பற்றியும் சொல்கிறது. இன்னும் தெற்கே, குளோங் தோமில், பொன் உரைக்கிற சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் பெரும்பதன் கல் என்று எழுதியிருக்கிறது. ஒரு தட்டான் கடல் தாண்டிப் போய், தன் கல்லில் தன் பேரை வெட்டி வைத்துத் தொழில் செய்திருக்கிறான். அங்கே கப்பல் நின்றது. நின்றதனால் குளம் தோண்டினார்கள், பட்டறை போட்டார்கள், ஊரானார்கள். கால்வாய் இருந்து நேரே ஓடிப்போயிருந்தால் பெரும்பதனின் கல் அங்கே கிடந்திருக்காது.

இப்போது கப்பல். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் ஏறத்தாழ 60 கடல்மைல், 111 கிலோமீற்றர். ஓட்டம் நாலு மணித்தியாலம். 2023 ஒக்டோபர் 14இல் செரியபாணி என்ற கப்பல் வந்தது, நாற்பது வருடத்துக்குப் பிறகு. சில நாளில் காலநிலையால் நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற பேரில் மறுபடி தொடங்கியது. இதன் குறையை நானே அனுபவித்தேன். சிதம்பரம் போக டிக்கெட் எடுத்து, பையும் கட்டி, அம்மாவுக்கு மாத்திரைகளைத் தனிப் பெட்டியில் பிரித்து வைத்த பிறகு, காற்றுப் பலம், இன்றைக்கு ஓட்டம் இல்லை என்று செய்தி வந்தது. அம்மா பட்டுச்சேலையை மடித்து மீண்டும் அலுமாரியில் வைத்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மூன்று கிழமை கழித்துத்தான் போனோம்.

போன அந்த நாளை மறக்கமாட்டேன். காலையில் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது கீரிமலைப் பக்கப் பனைகள் ஒரு கோடாகித் தேய்ந்தன. மத்தியானத்துக்குள் நாகப்பட்டினம். பின்னேரம் சிதம்பரத்தில் அம்மா நடராசர் முன் நிற்கிறார். கொழும்புக்குப் பஸ்ஸில் போய் விமானம் ஏறுவதென்றால் அந்த நேரத்துக்கு நாங்கள் வவுனியாவைத் தாண்டிக் கால் வீங்கி இருந்திருப்போம். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானமும் உண்டு, ஒன்றேகால் மணித்தியாலம்தான், அதை நான் குறைக்கவில்லை. ஆனால் விமானத்தில் நாலு மூட்டை பனங்கட்டியும் ஒரு பாயும் ஏற்ற முடியாது. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நிறுவினார் என்றால், அந்தக் காலத்தில் இந்தக் கடல் அவ்வளவு இலேசான வழியாக இருந்திருக்கிறது.

அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்றில் கப்பல் ஒன்றுதான் யாழ்ப்பாணத்தில் நிற்கிறது. இங்கே புறப்படுகிறது, இங்கே முடிகிறது. வருகிறவர் இறங்கி ஓட்டோ பிடிப்பார், நல்லூர் போவார், விடுதியில் தங்குவார். கடலை வெட்டத் தேவையில்லை, மறிக்கத் தேவையில்லை. சரிவராவிட்டால் கப்பலை மாற்றலாம், வழியை மாற்றலாம். கால்வாயைத் தோண்டிவிட்டுத் திரும்பப் போட முடியாது.

வழியைப் பூட்டிவிடவும் உலகத்தால் முடியும் என்பதையும் நினைக்க வேண்டும். 1967இல் போர் வந்து சூயஸ் எட்டு வருடம் அடைபட்டுக் கிடந்தது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பெரிய கப்பல்கள் மறுபடி ஆபிரிக்காவைச் சுற்றின. கொழும்பில் மாற்றி ஏற்றுகிற வேலை கூடியது. ஒடுங்கிய வழியை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள், ஆழமான துறைமுகம் வைத்திருந்தவர்கள் வேலை செய்தார்கள். காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த இந்தியா 6.15 கோடி டொலர் நன்கொடை தர முன்வந்திருக்கிறது. எங்கள் மகஜர் பிடிக்க வேண்டிய கொழுகொம்பு அதுதான்.

ஆகவே மகஜரை இப்படி எழுதியிருக்கிறேன். கால்வாயைக் கேட்கவில்லை. தோண்டுவதானால் எங்கள் கரைத் தொழிலாளிகளைக் கேட்காமல் தோண்டக்கூடாது என்று ஒரு வரி. பாலத்தைப் பற்றி, தூண்களில் மட்டும், ரயிலோடு, மன்னார் மக்களின் விருப்பத்தோடு என்று ஒரு வரி. மிச்சம் முழுக்கக் கப்பல். துறைமுகத்தை ஆழமாக்கி, அலைதடுப்பைத் திருத்தி, வாடைக்காற்றிலும் ஓடக்கூடிய பெரிய கப்பல் வேண்டும். பயணிகளோடு சாமானும் ஏற்ற வேண்டும்: பனங்கட்டி, கருவாடு, பாய், புத்தகம். ஓட்டம் நிற்கிற நாளை முதல் நாளே அறிவிக்க வேண்டும். மாஸ்டர் வாசித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார், வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒன்று சேர்க்கச் சொன்னார். கப்பலுக்குக் காத்திருக்கிற வயசாளிகள் இருக்க நிழலும் வாங்கும் (பெஞ்சும்) வேண்டும் என்று. அதைக் கடைசி வரியாக எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன். இன்று பின்னேரம் வரை 41 பேர் வைத்திருக்கிறார்கள். கால்வாய்க் கட்சிக்காரரும் வைத்துவிட்டார்.